அணைப் படகில் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், இன்ஜின் மீட்டர்: எந்த வழியில் இணைப்பது?

ஒட்டனூரிலும் நாகமரையிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடக்கும் படகாக இருந்தாலும், கிருஷ்ணகிரி அணையில் ரோந்து சுற்றும் படகாக இருந்தாலும், 18 முதல் 22 அடி ஃபைபர் படகுக்கு எலக்ட்ரானிக்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது டிஸ்ப்ளே எத்தனை அங்குலம், எந்தக் கம்பெனி என்றுதான். அதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எக்கோ சவுண்டர் அளக்கும் ஆழமும், ஜிபிஎஸ் சொல்லும் இடமும், இன்ஜின் ஆர்பிஎம்மும் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போய்ச் சேரப் போகின்றன? இதை யோசிக்காமல் வாங்கினால், நல்ல விலை கொடுத்த இரண்டு பெட்டிகள் அருகருகே இருந்தும் ஒன்றின் தகவல் மற்றதற்குக் கிடைக்காது.

வழிகள் நான்கு. கருவிகளைத் தனித்தனியே விட்டுவிடலாம். என்எம்இஏ 0183 என்ற பழைய முறையில் இரண்டு வயரால் இணைக்கலாம். என்எம்இஏ 2000 என்ற புதிய முறையில் ஒரே கேபிளில் எல்லாவற்றையும் கோக்கலாம். வைஃபை வழியாகப் போனுக்கு அனுப்பலாம். இனி சுருக்கமாக 0183, 2000 என்றே எழுதுகிறோம். ரேடார் படத்தையும் சோனார் படத்தையும் பல திரைகளுக்கு அனுப்ப ஈதர்நெட் என்ற ஐந்தாவது வழியும் உண்டு. ஒரே டிஸ்ப்ளே உள்ள அணைப் படகுக்கு அது வேண்டியதில்லை. கப்பல்கள் ஒன்றையொன்று அறிய உதவும் ஏஐஎஸ் கருவிக்கும் நம் அணைகளில் வேலை இல்லை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எத்தனை கருவிகள் பேச வேண்டும், எத்தனை கருவிகள் கேட்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று பேசி ஒன்று கேட்டால் 0183 போதும். பேசுபவையும் கேட்பவையும் சேர்ந்து மூன்றைத் தாண்டினால் 2000-க்குப் போங்கள். வைஃபையை இவற்றோடு கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்; அதை மட்டுமே நம்பி ஆள் ஏற்றும் படகை ஓட்டக்கூடாது.

நீர்மட்டம்தான் இங்கே கணக்கை மாற்றுகிறது

கடலில் ஓதம் ஏறி இறங்குவதற்கு அட்டவணை உண்டு. மேட்டூரில் அப்படி எதுவும் கிடையாது. அணையின் முழு மட்டம் 120 அடி. 2024 ஜூலைத் தொடக்கத்தில் மட்டம் 40 அடியை ஒட்டிக் கிடந்தது. அதே மாதம் 30-ஆம் தேதி 120 அடி நிரம்பியது. ஒரே மாதத்தில் 80 அடி. நீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். இடைப்பட்ட மட்டங்களில் அப்படிப்பட்ட கட்டுமானமும் பாறையும் நீருக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும். 52 அடி முழுக் கொள்ளளவு உயரமுள்ள கிருஷ்ணகிரி அணையில் ஏற்ற இறக்கம் இதைவிடக் குறைவு என்றாலும், ஓரங்களில் சேறும் மரக்கட்டையும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ‘இந்த இடத்தில் இவ்வளவு ஆழம்’ என்று பதிந்து வைத்த எண் அடுத்த வாரமே பொய்யாகிவிடும். பதிய வேண்டியது தரையின் மட்டம். அன்றைய அணை மட்டத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் அது கிடைக்கும். மட்டம் 96 அடி, சவுண்டர் காட்டியது 31 அடி என்றால் தரை 65 அடி மட்டத்தில் இருக்கிறது. பிறகு மட்டம் 72 அடிக்கு இறங்கும் நாளில் அதே இடத்தில் 7 அடி தண்ணீர்தான் நிற்கும் என்று போகாமலேயே சொல்லலாம். இதற்கு ஆழமும் இடமும் ஒரே நேரத்தில், ஒரே பதிவில் சேர வேண்டும். கருவிகளை இணைப்பதன் பயன் நம் ஊரில் முக்கியமாக இதுதான்.

தனித்தனியே விடுவது

ஒகேனக்கல் பரிசலுக்கும், ஒருவர் இருவர் வலை விரிக்கும் சிறு படகுக்கும் இதுவே சரி. ஐந்து அங்குலத் திரையில் ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் கருவி ஒன்று, நீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலியை வாங்க, பின்பலகையில் பொருத்தும் டிரான்ஸ்டியூசர் ஒன்று, 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று. ஆழமும் இடமும் பெட்டிக்குள்ளேயே சேர்ந்துவிடுவதால் வெளியே இணைக்க எதுவும் இல்லை. கருவி முக்கால் ஆம்பியர் இழுத்தால், பேட்டரியின் பாதியை மட்டும் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டாலும் நாலரை மணி நேரம் ஓடும். சில கருவிகள் போகிற வழியிலேயே ஆழக் கோடுகளை வரைந்து சேமிக்கும். கார்மினில் அதற்குக் குவிக்டிரா என்று பெயர். அது வரைவது அன்றைய ஆழத்தை. ஆகவே கோப்பின் பெயரிலேயே அன்றைய அணை மட்டத்தை எழுதிச் சேமியுங்கள்.

இந்த வழியின் எல்லை, இரண்டாவது ஆளுக்கோ லேப்டாப்புக்கோ தகவல் வேண்டும் என்ற நாளில் வந்துவிடும்.

0183: இரண்டு வயர், எழுத்து எழுத்தாகப் பேச்சு

1983-இல் வந்த முறை இது, இன்றைக்கும் சாகவில்லை. ஒரு கருவி பேசும், மற்றவை கேட்கும். ஒவ்வொரு செய்தியும் டாலர் குறியில் தொடங்கும். அதிகபட்சம் 82 எழுத்து. கடைசியில் நட்சத்திரக் குறியும், பிழை கண்டுபிடிக்க இரண்டு இலக்கச் சரிபார்ப்பு எண்ணும். இடத்தையும் வேகத்தையும் ஆர்எம்சி என்ற செய்தி தரும். ஆழத்தை DBT என்ற செய்தி தரும், அல்லது டிரான்ஸ்டியூசர் திருத்தத்தையும் சேர்த்துச் சொல்லும் DPT என்ற செய்தி தரும். எல்லாமே கண்ணால் படிக்கக்கூடிய எழுத்து. லேப்டாப்பில் ஒரு சாதாரண டெர்மினல் மென்பொருளைத் திறந்தால் போதும், என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று தெரிந்துவிடும். பழுது பார்ப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

வேகம் வினாடிக்கு 4800 பிட். ஓர் எழுத்துக்கு 10 பிட் போவதால் வினாடிக்கு 480 எழுத்துதான் செல்லும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், தொல்லையில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஜிபிஎஸ் தன்னிடம் உள்ள எல்லாச் செய்திகளையும் அனுப்பினால், செயற்கைக்கோள் பட்டியலைத் தரும் ஜிஎஸ்வி மட்டுமே நாலைந்து வரிகளை எடுத்துக்கொள்ளும். மொத்தம் 480-ஐத் தாண்டியதும் செய்திகள் வரிசையில் காத்திருக்கும், திரையில் தெரியும் இடம் இரண்டு மூன்று வினாடி பழையதாக இருக்கும். மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓடும் படகு 3 வினாடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். பாறை இருக்கும் இடத்தை 16 மீட்டர் தள்ளிக் குறித்தால் அந்தக் குறியால் ஆபத்துதான் கூடும். ஜிஎஸ்வி, ஜிஎஸ்ஏ செய்திகளை அணைத்து, தேவையானவற்றை மட்டும் விடுங்கள்; அல்லது இரு பக்கமும் ஏற்றுக்கொண்டால் 38400-க்கு மாற்றுங்கள். ஒரு பக்கம் 4800, மறுபக்கம் 38400 என்று இருந்தால் திரையில் குப்பை எழுத்துகள்தான் வரும்.

வயரிங்கில் செய்யும் தவறுகள் பெரும்பாலும் பெயரில் தொடங்குகின்றன. ஒரு கம்பெனி ‘ஏ’, ‘பி’ என்று எழுதும். இன்னொன்று ‘பிளஸ்’, ‘மைனஸ்’ என்று. மூன்றாவது வெறும் ‘அவுட்’, ‘இன்’ என்று. வயர் நிறத்தில் பொதுவிதி எதுவும் கிடையாது, கையேட்டைப் பார்த்தே ஆக வேண்டும். பேசும் கருவியின் அவுட் ஏ, கேட்கும் கருவியின் இன் ஏ-க்குப் போகும், பி, பி-க்கு. பழைய கருவிகளில் ஓர் அவுட் வயரும் கிரவுண்டும் மட்டும் இருக்கும். அதைப் புதிய கருவிக்குக் கொடுக்கும்போது அவுட்டை ஏ-க்கும் கிரவுண்டைப் பி-க்கும் கொடுங்கள். நேர்மாறாக, புதியது பேசிப் பழையது கேட்டால் ஏ-யை மட்டும் கொடுத்து, கிரவுண்டுகளை இணைத்து, பி-யை எதிலும் தொடாமல் டேப் சுற்றி விட்டுவிடுங்கள். சும்மா தொங்குகிறதே என்று பி-யை கிரவுண்டில் முறுக்கிவிடுவார்கள். அதனால் அனுப்பும் சிப்புக்கே ஷார்ட் ஆகிவிடுகிறது.

பேசுகிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஓர் எல்இடி, அதோடு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர். ஏ-க்கும் பி-க்கும் இடையில் வைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் வைத்து எரியவில்லை என்றால் திருப்பி வையுங்கள். வினாடிக்கு ஒருமுறை துடித்தால் செய்தி போகிறது.

முக்கியமான தடை ஒன்று உண்டு: இரண்டு பேசும் கருவிகளை ஒரே கேட்கும் வயரில் முறுக்கக் கூடாது. இரண்டின் எழுத்தும் மோதி இரண்டுமே அழியும். நடுவில், பல கருவிகளின் செய்திகளை ஒரே வரிசையாக்கி அனுப்பும் மல்டிபிளெக்சர் வேண்டும். அதன் உள்வழிகள் 4800-ஆக இருந்தால் வெளிவழியை 38400-இல் வையுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன தாமதம் இங்கே திரும்பவும் வரும்.

பர்கூர், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் போன்றோர் மலிவான ஜிபிஎஸ் மாட்யூலை வைத்துத் திட்டப்பணி செய்ய நினைத்தால் ஒரு குறிப்பு. நியோ-6எம் மாட்யூல் தொடக்கத்திலேயே 9600-இல் பேசும், வருவது 3.3 வோல்ட் டிடிஎல் சிக்னல். அதைப் படகின் டிஸ்ப்ளேக்கு நேராகக் கொடுக்காமல், நடுவில் ஒரு ஆர்எஸ்-422 மாற்றி போட்டு, வேகத்தையும் பொருத்திக்கொள்ள வேண்டும்.

2000: ஒரு மெயின் கேபிள், பல கிளைகள்

இது வாகனங்களில் பல கருவிகள் ஒரே ஜோடி வயரில் பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸேதான். லாரி இன்ஜின்களில் ஓடும் ஜே1939 முறையிலிருந்து எடுத்துப் படகுக்கு ஏற்ப வடித்தது. வேகம் வினாடிக்கு 2,50,000 பிட். கருவிகள் எல்லாமே பேசலாம், எல்லாமே கேட்கலாம், யார் முதலில் என்பதைக் கேபிளே தீர்த்துக்கொள்ளும். செய்திகளுக்கு எண் உண்டு: ஆழம் 128267, இடம் 129025, இன்ஜின் ஆர்பிஎம் 127488. கருவி வாங்கும்போது பெட்டியில் ‘2000 ஏற்கும்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், உங்களுக்கு வேண்டிய எண்ணை அது அனுப்புமா, பெறுமா என்று கையேட்டில் பாருங்கள். கனெக்டர் சரியாகப் பொருந்தியும் எண் பொருந்தாமல் திரையில் வெறும் கோடு மட்டும் தெரியும் இடங்கள் உண்டு.

இதற்கும் ஓசூருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. லாரியும் இருசக்கர வாகனமும் தயாராகும் ஊர் அது. கேன் லைனில் ஓம் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அங்கே கிடைப்பார். கடல் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரைத் தேடிச் சென்னைக்கோ கொச்சிக்கோ போக வேண்டாம். லாரியில் 24 வோல்ட், படகில் 12 வோல்ட் என்ற ஒன்றை மட்டும் அவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அமைப்பு எளிது. தண்ணீர்க் குழாய் லைனில் டீ போட்டுக் கிளை எடுப்பது போலத்தான்: நடுவில் மெயின் கேபிள், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டீ, டீயிலிருந்து கருவிக்கு ஒரு கிளை. மெயினின் இரு முனையிலும் டெர்மினேட்டர் என்ற 120 ஓம் ரெசிஸ்டர் மூடி, ஒவ்வொரு முனைக்கும் ஒன்று, மொத்தம் இரண்டே இரண்டு. கிளை ஒவ்வொன்றும் 6 மீட்டருக்குள், எல்லாக் கிளைகளும் சேர்ந்து 78 மீட்டருக்குள். மெல்லிய கேபிளில் மெயின் 100 மீட்டர் வரை போகலாம். 22 அடிப் படகில் இந்த எல்லைகளைத் தொடவே மாட்டோம். நான்கு டீக்களை ஒன்றோடொன்று நேரடியாகத் திருகி, இரு பக்கமும் டெர்மினேட்டர் போட்டு, கன்சோலுக்குள் (ஓட்டுநர் முன்னால் உள்ள பெட்டிக்குள்) கட்டிவிட்டால் மெயின் கேபிளே வாங்க வேண்டியதில்லை.

கிளையிலிருந்து இன்னொரு கிளை எடுப்பது, கருவியிலிருந்து கருவிக்குத் தொடராகக் கோப்பது இரண்டும் கூடாது. சிறிய அமைப்பில் இவை கொஞ்ச நாள் ஓடுவதால்தான் ஆபத்து. ஒரு டெர்மினேட்டர் இல்லாமலும் கரையில் சோதிக்கும்போது நன்றாக ஓடும், ஐந்தாவது கருவியைச் சேர்த்ததும் எல்லாம் விட்டுவிட்டுக் காணாமல் போகும்.

சோதனை இப்படி. மின்சாரத்தை அணையுங்கள். தகவல் போகும் வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 60-ஐ ஒட்டி வந்தால் சரி. 120 வந்தால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, அல்லது மெயின் எங்கோ அறுந்திருக்கிறது. 40 வந்தால் மூன்றாவதாக ஒன்று எங்கிருந்தோ சேர்ந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் ஷார்ட். பிறகு மின்சாரம் கொடுத்து, கறுப்பை ஆதாரமாக வைத்து வெள்ளையையும் நீலத்தையும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டும் 2.5 வோல்ட் அருகில் இருக்கும், வெள்ளை சற்றே கூட இருக்கும். ஒன்று பூஜ்யத்திலோ 12-இலோ நின்றால் அந்த வயர் எங்கோ மின்வயரில் தொடுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2000 கேபிளில் ஆழம் என்ற எண் மட்டும்தான் போகும். மீனும் தரையும் தெரியும் சோனார் படம் போகாது. படத்துக்கு டிரான்ஸ்டியூசரின் சொந்தக் கேபிள் நேராக டிஸ்ப்ளேக்கு வர வேண்டும். அந்தக் கேபிளை வெட்டி ஒட்டக் கூடாது. நீளம் மிஞ்சினால் சுருட்டி வையுங்கள். இன்ஜினின் இக்னிஷன் வயரிலிருந்தும் பேட்டரியின் தடித்த வயரிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோங்கள். ஒன்றாகக் கட்டினால் ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் திரையில் கோடு கோடாக விழும். ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக் போட்டால் அந்தத் தொல்லை குறையும்.

இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஓடும் சிறிய கார்புரேட்டர் இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் டிஜிட்டல் தகவல் எதுவும் வெளியே வராது. அவற்றுக்காக 2000 போட நினைக்காதீர்கள். எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் உள்ள பெரிய இன்ஜின்களில் யமஹாவுக்குக் கமாண்ட் லிங்க், மெர்குரிக்கு ஸ்மார்ட்கிராஃப்ட் என்று தனித்தனி முறைகள் உண்டு. நடுவில், ஒரு முறையின் செய்தியை இன்னொரு முறைக்கு மாற்றும் பெட்டியான அந்தந்த கேட்வே போட்டால்தான் 2000-க்கு வரும், கனெக்டரை வெட்டி நேராக முறுக்கினால் வராது. பெட்ரோல் டேங்க் மீட்டரைச் சேர்ப்பதென்றால் டேங்குக்குள் மட்டத்தை அளக்கும் சென்டரின் (sender) ஓம் வகையைப் பாருங்கள்: 240-இலிருந்து 33 வரை இறங்குவது ஒரு வகை, 10-இலிருந்து 180 வரை ஏறுவது இன்னொரு வகை. தவறாகத் தேர்ந்தால் நிரம்பிய டேங்க் காலியாகத் தெரியும்.

எம்12 கேபிளின் நிற மாற்றம்: கட்டாயம் படிக்க வேண்டியது

2000-இன் கனெக்டர், தொழிற்சாலைச் சென்சார்களில் போடும் ஐந்து பின் எம்12 ஏ-வகை கனெக்டரேதான். ஓசூரில் ஆட்டோமேஷன் பொருள் விற்கும் கடைகளில் தொழிற்சாலைக் கருவிகளை இணைக்கும் டிவைஸ்நெட் கேபிளும் டீயும் 120 ஓம் டெர்மினேட்டரும் கேட்டால் அவை பொருந்தும். அவசரத்துக்கு இது பெரிய உதவி.

ஆனால் அதே கடையில் கிடைக்கும் சாதாரண சென்சார் கேபிளின் நிற வரிசை வேறு. 2000-இல் பின் 1 ஷீல்டு, பின் 2 சிவப்பு பிளஸ், பின் 3 கறுப்பு மைனஸ், பின் 4 வெள்ளை, பின் 5 நீலம். கடைசி இரண்டும் தகவல் வயர்கள். சென்சார் கேபிளில் பின் 1 பழுப்பு, பின் 2 வெள்ளை, பின் 3 நீலம், பின் 4 கறுப்பு, பின் 5 சாம்பல். அதாவது சென்சார் கேபிளின் வெள்ளையில் 12 வோல்ட் பிளஸ் வரும், நீலத்தில் மைனஸ். வெள்ளையை வெள்ளையோடும் நீலத்தை நீலத்தோடும் நிறம் பார்த்து முறுக்கினால் தகவல் வயரில் நேராக 12 வோல்ட் ஏறி, லைனில் உள்ள கருவிகள் சேதமாகலாம். எப்போதும் பின் எண்ணை மல்டிமீட்டரின் பீப் சத்தத்தில் சரிபார்த்த பிறகே இணையுங்கள். மேலும் சென்சார் கேபிளில் தகவல் வயர்கள் ஜோடியாக முறுக்கப்பட்டிருக்காது. குட்டிக் கிளைக்கு அவசரத்தில் தாங்கும், மெயினுக்கு ஆகாது.

கடலோரப் படகிலிருந்து கழற்றிய பழைய பொருள் வாங்குகிறவர்கள் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரேமரின் கம்பெனியின் சீடாக்-என்ஜி, சிம்ராடின் சிம்நெட் இரண்டும் உள்ளே 2000-தான், கனெக்டர் மட்டும் வேறு. மாற்றுக் கேபிள் போட்டால் சேர்ந்துவிடும். ‘என்ஜி’ இல்லாத பழைய சீடாக் முற்றிலும் வேறு முறை, அதற்குத் தனி கன்வெர்ட்டர் வேண்டும்.

வைஃபை

0183-இலிருந்தோ 2000-இலிருந்தோ தகவலை எடுத்து வைஃபையில் விடும் கேட்வே பெட்டிகள் பல கம்பெனிகளில் உண்டு. போனிலோ டேப்லெட்டிலோ வரைபட ஆப்பைத் திறந்து, முகவரியும் போர்ட் எண்ணும் கொடுத்தால் ஆழமும் இடமும் வந்துவிடும். 0183 செய்திகளுக்கென்று பதிவான போர்ட் 10110. பல கம்பெனிகள் வேறு எண் வைத்திருப்பதால் கையேட்டைப் பாருங்கள். அனுப்பும் முறையை யுடிபி என்று வைத்தால் எத்தனை போன் வேண்டுமானாலும் கேட்கும். டிசிபி-யில் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும்.

வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் போன்தான். கேட்வேயின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ‘இன்டர்நெட் இல்லாவிட்டாலும் இணைந்திரு’ என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் பென்னாகரத்தில் சிக்னல் இருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வெயிலில் திறந்த படகில் வைத்த போன் சூடேறித் தானே அணைந்துபோகும், திரையும் கண்ணுக்குத் தெரியாது. பரிசலையோ பயணிகளையோ மீட்கப் போகும் நேரத்தில் ஆழம் தெரியாமல் போகக் கூடாது என்பதால்தான் இதைத் துணைக்கு மட்டும் வையுங்கள் என்கிறோம்.

சொந்தமாக கேட்வே செய்ய விரும்பும் மாணவர்களுக்கு இஎஸ்பி32 போதும், கேன் கன்ட்ரோலர் அதற்குள்ளேயே இருக்கிறது, 3.3 வோல்ட்டில் ஓடும் கேன் டிரான்சீவர் ஒன்று சேர்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் டிரான்சீவர் போர்டுகள் பலவற்றில் 120 ஓம் ரெசிஸ்டர் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் கிளையில் சொருகினால் மேலே சொன்ன ‘40 ஓம்’ நோய் வரும். முதல் சோதனைகளை கேட்க மட்டும் செய்யும் லிசன்-ஒன்லி முறையில் செய்யுங்கள்; தவறான செய்தி அனுப்பி மற்றக் கருவிகளைக் கெடுக்காது.

மின்சாரம்

எந்த வழியைத் தேர்ந்தாலும், ‘தகவல் வரவில்லை’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி வயர்.

2000 மெயினுக்கு மின்சாரம் ஒரே ஓர் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்; தனி சுவிட்ச், பேட்டரி பக்கம் 3 ஆம்பியர் ஃபியூஸ். கருவிகளின் இழுப்பு எல்இஎன் என்ற அளவில் எழுதியிருக்கும். ஒரு எல்இஎன் என்பது 50 மில்லி ஆம்பியர். 10 எல்இஎன் சேர்ந்தால் அரை ஆம்பியர். மெல்லிய கேபிளின் மின்வயருக்கு மீட்டருக்கு 0.057 ஓம், 6 மீட்டர் தூரம் போய் வர 12 மீட்டர், 0.68 ஓம், இழப்பு 0.34 வோல்ட். கவலை வேண்டாம். பெரிய டிஸ்ப்ளேக்கு மட்டும் மின்சாரத்தைத் தனி ஃபியூஸில் பேட்டரியிலிருந்து எடுங்கள். அதை மெயின் கேபிளிலிருந்து எடுக்க முடியாது.

செல்ஃப் ஸ்டார்ட் உள்ள இன்ஜினில் ஒரே பேட்டரி என்றால், ஸ்டார்ட் செய்யும் கணத்தில் வோல்ட் விழுந்து டிஸ்ப்ளே அணைந்து எழும். 2000 கருவிகளுக்குக் கீழ் எல்லை 9 வோல்ட். எலக்ட்ரானிக்ஸுக்குத் தனிப் பேட்டரி வைப்பதே தீர்வு. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறிய இன்ஜின்களில் சார்ஜிங் வசதியே இல்லாதவையும் உண்டு, லைட்டிங் காயில் மட்டும் உள்ளவையும் உண்டு. லைட்டிங் காயிலிலிருந்து வருவது ஏசி. ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர் இல்லாமல் அதைப் பேட்டரிக்கோ கருவிக்கோ கொடுக்காதீர்கள்.

நன்னீர் என்பதால் உப்பு அரிப்பு இல்லை, அது நமக்குக் கிடைத்த வசதி. செம்மண் தூசியும், இரவில் கன்சோலுக்குள் கோக்கும் வியர்வை ஈரமும், கரையில் ஏற்றி வைத்த படகில் வயர் கடிக்கும் எலியும் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. பயன்படாத டீயின் வாயை மூடியால் அடையுங்கள். வயர்களை கன்டியூட் குழாய்க்குள் விடுங்கள்.

எந்தப் படகுக்கு எது

வலைப் படகுக்கும் பரிசலுக்கும் தனிப் பெட்டி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நீர்த்தேக்கத்தின் ஆழத்தை அளந்து வரைபடம் போடும் குழுவுக்கு, புதியது என்பதற்காக 2000-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டாம், 0183-ஐயே சொல்வோம். சவுண்டரிலிருந்து ஒரு யுஎஸ்பி மாற்றி, ஜிபிஎஸ்ஸிலிருந்து இன்னொன்று, இரண்டும் லேப்டாப்புக்கு. வரும் ஒவ்வொரு வரிக்கும் லேப்டாப்பே நேரம் போட்டுப் பதியும், பத்து ஆண்டு கழித்தும் எந்த மென்பொருளிலும் அதைத் திறக்கலாம். அளக்கும்போது மணிக்கு 7, 8 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். ஜிபிஎஸ் ஆன்டெனாவை டிரான்ஸ்டியூசருக்கு நேர் மேலே நிறுத்துங்கள். கன்சோலில் வைத்தால் மூன்று மீட்டர் பிழை ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும். டிரான்ஸ்டியூசர் நீருக்குள் 30 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அதை ஒரே இடத்தில் கூட்டுங்கள். சவுண்டரிலும் மென்பொருளிலும் இரண்டு முறை கூட்டிவிடுவது வழக்கமான பிழை. நன்னீர், உப்பு நீர் என்று தேர்வு கேட்கும் கருவியில் நன்னீர் வையுங்கள். ஒலிவேக வேறுபாட்டால் 20 மீட்டரில் சுமார் அரை மீட்டர் மாறும்.

ஆள் ஏற்றும் படகு, ரோந்துப் படகு, மீட்புப் படகு ஆகியவற்றுக்கு 2000. வாங்க வேண்டியவை: டீ ஐந்து, டெர்மினேட்டர் இரண்டு, ஃபியூஸோடு மின்கேபிள் ஒன்று, 2 மீட்டர் கிளை மூன்று, டிஸ்ப்ளே, தனி ஜிபிஎஸ் ஆன்டெனா, ஆழத்தை எண்ணாகவே நேராக அனுப்பும் ஸ்மார்ட் டிரான்ஸ்டியூசர், ஓட்டுநருக்கு எதிரே ஆழம் மட்டும் பெரிய எழுத்தில் காட்டும் சிறு மீட்டர். ஐந்தாவது டீ மின்சாரத்துக்கு. ஸ்மார்ட் டிரான்ஸ்டியூசரில் சோனார் படம் வராது. ஆனால் பெரிய திரை செத்தாலும் ஓட்டுநருக்கு ஆழம் தெரிந்துகொண்டே இருக்கும், பயணிகளோடு போகிறவருக்கு அதுதான் வேண்டும். மேலதிகாரியோ உதவியாளரோ டேப்லெட்டில் பார்க்க விரும்பினால் ஆறாவது டீயும் வைஃபை கேட்வேயும் சேருங்கள்.

படகில் திருகுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி இணைத்து, 60 ஓம் பார்த்து, ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து டிஸ்ப்ளேயின் கருவிப் பட்டியலில் பெயர் வருகிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்டியூசரைத் தண்ணீர் நிரப்பிய வாளியில் வைத்தால் வெப்பநிலை வரும், ஆழம் வராது. வாளியின் ஆழத்தை அதனால் அளக்க முடியாது, கருவி பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். துறையில் இறக்கியதும் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்து, திரையின் எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்தத்தைப் போடுங்கள். படம் எடுத்து, எந்த வயர் எங்கே போகிறது என்று எழுதிய தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு கன்சோல் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்து பழுது பார்க்க வருபவர் வேறொருவராக இருப்பார்.